கற்றுக்கொள்ளும் நாளுக்குக் கூலி யார் தருவது?

அந்தியூர் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது ஆடி மாதத்துக் குதிரைச் சந்தைதான். குருநாத சுவாமி கோயில் திருவிழாவுக்கு வண்டி கட்டிக்கொண்டு வருகிற கூட்டமும், குதிரையின் பல்லைப் பார்த்து வயது சொல்கிற வியாபாரிகளும் வருடத்தில் சில நாள் காட்சி. கூடாரங்களைப் பிரித்த பிறகு இந்தப் பக்கத்தில் வருடம் முழுக்கக் கேட்கிற சத்தம் வேறு. அது தறிச் சத்தம்.

இப்போது தனி வட்டமாக இருக்கும் அந்தியூர், முன்பு பவானி வட்டத்தில்தான் இருந்தது. பவானி என்றால் ஜமக்காளம். கல்யாண வீட்டில் பந்தலுக்குக் கீழே விரித்து, நம் தாத்தா பாட்டி உட்கார்ந்து கதை பேசிய அதே வண்ணப் பட்டை ஜமக்காளம்தான். இன்றைக்கும் அது குழித்தறியில் நெய்யப்படுகிறது. தரையில் தோண்டிய குழிக்குள் காலை விட்டு, மிதிகட்டையை மிதித்து, கையால் நாடாவைத் தள்ளி நெய்ய வேண்டும். அகலமான ஜமக்காளம் என்றால் ஒரே தறியில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒருவர் தள்ளும் நாடாவை இன்னொருவர் வாங்கித் திருப்பி அனுப்புவார்.

இந்தத் தொழிலுக்குப் பாடப் புத்தகம் கிடையாது. பத்து வயதில் தார் சுற்றிக் கொடுத்துக்கொண்டே தறியைப் பார்ப்பது, அப்புறம் அறுந்த இழையைப் பிணைக்கப் பழகுவது, ஒரு நாள் அப்பா டீ குடிக்கப் போன நேரத்தில் குழிக்குள் இறங்கி நாலு இழை ஓட்டிப் பார்ப்பது. "ஏனுங்கப்பா, இந்தப் பக்கம் மட்டும் கரை இழுக்குது?" என்று பையன் கேட்க, "கை ஒரே சீரா விழோணும் கண்ணு" என்று அப்பா சொல்ல, பாடம் அங்கேயே முடிந்துவிடும். தலைமுறை தலைமுறையாக நடந்த வகுப்பு இது.

இன்று அந்த வகுப்பில் மாணவர்கள் குறைந்துவிட்டார்கள். தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் திருப்பூர் பனியன் கம்பெனிக்கோ, ஈரோடு ஜவுளிக் கடைக்கோ, கோயம்புத்தூர் கல்லூரிக்கோ போய்விட்டார்கள். போனது தவறு என்று யாரும் சொல்ல முடியாது. வருமானம் அப்படி. ஆனால் போகாமல் தறியில் இருக்கிறவருக்கே ஒரு சிக்கல் உண்டு. 'வேலை செய்யும் இடத்தில் தொடர்ந்து கற்க வேண்டும், புதுமை செய்ய வேண்டும்' என்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் அதைக் கவனிப்பதில்லை.

ஒரு நாள் நின்றால் ஒரு நாள் கூலி போச்சு

ஜமக்காளத் தறியில் கூலி பெரும்பாலும் உருப்படிக் கணக்கு. இத்தனை நெய்தால் இத்தனை ரூபாய். இந்த வட்டாரத்து விசைத்தறியிலும் தையல் பிரிவிலும்கூடப் பல இடங்களில் இதே கணக்குதான். இதில் ஒரு நெசவாளருக்குப் புது யோசனை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பட்டையின் அகலத்தை மாற்றினால் வீட்டுச் சோபாவுக்கு ஏற்ற மாதிரி ஒரு விரிப்பு நெய்யலாம். இன்னும் கொஞ்சம் மெல்லிய நூலைப் போட்டால் தோள் பை தைக்கிற துணியாகும்.

யோசனை நல்லதுதான். அதைச் செய்து பார்க்க வேண்டும் என்றால் பாவை மாற்ற வேண்டும். முதல் முறை சரியாக வராது. இரண்டாம் முறை பிசகும். மூன்றாம் முறை வரலாம். அந்த மூன்று நான்கு நாள்களுக்கு உருப்படி கிடையாது, ஆகவே கூலியும் கிடையாது. வாரக் கடைசியில் மளிகைக் கடைக்குப் பணம் கட்ட வேண்டும். அவர் என்ன செய்வார்? யோசனையை மனசுக்குள் மடித்து வைத்துவிட்டு, நேற்று நெய்ததையே இன்றும் நெய்வார்.

சோம்பலோ, மாற்றத்தைப் பார்த்துப் பயமோ இதற்குக் காரணமில்லை. கற்றுக்கொள்கிற நாளுக்கு யாரும் கூலி தருவதில்லை, அவ்வளவுதான். லேத் பட்டறை, அரிசி ஆலை, ஐ.டி. கம்பெனி, ஆஸ்பத்திரி என்று எந்த வேலையிடத்தை எடுத்தாலும் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம். புதிதாக ஒன்றைச் செய்து பார்க்கும்போது உற்பத்தி குறையும், பொருள் வீணாகும், நேரம் போகும். அந்த நஷ்டத்தை யார் ஏற்றுக்கொள்கிறார்கள்? கொங்கு நாட்டின் தொழில் கதைகளை இந்தக் கேள்வியோடு திரும்பப் படித்தால், தெரிந்த கதைகளே கொஞ்சம் வேறு மாதிரி தெரியும்.

மோட்டார் சைக்கிளைக் கழற்றிய இளைஞர்

கோயம்புத்தூர் அவினாசி சாலையில் 2025-ல் திறக்கப்பட்ட நீளமான மேம்பாலத்துக்கு ஜி.டி. நாயுடுவின் பெயர் வைத்திருக்கிறார்கள். 1893-ல் கலங்கல் கிராமத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடப் படிப்பு அவருக்கு ஒட்டவில்லை. வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். அதே மாதிரி ஒன்று வேண்டும் என்று கோயம்புத்தூர் ஓட்டல் ஒன்றில் சர்வராக வேலை பார்த்துப் பணம் சேர்த்தார். வண்டியை வாங்கினார். வாங்கியவர் ஓட்டிப் பார்த்ததோடு விடவில்லை, பாகம் பாகமாகக் கழற்றி, திரும்பப் பூட்டினார். அவருடைய எஞ்சினியரிங் படிப்பு அதுதான். கட்டணம், பல வருடம் சாப்பாடு பரிமாறிய கூலி.

அடுத்த கட்டத்தில் இன்னொருவர் கை கொடுத்தார். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தன் முதல் பஸ்ஸை அவர் ஓட்டியபோது, அதற்குப் பண உதவி செய்தவர் ராபர்ட் ஸ்டேன்ஸ் என்ற ஆங்கிலேயர். 1888-ல் கோவையின் முதல் பஞ்சாலையைத் தொடங்கியவரும் அவர்தான். பள்ளிப் படிப்பை முடிக்காத ஒரு மெக்கானிக்கை நம்பிப் பணம் போட ஒருவர் இருந்தார் என்பது இந்தக் கதையில் முக்கியமான இடம். அந்த ஒரு பஸ் பிறகு பெரிய நிறுவனமாக வளர்ந்தது.

தான் கற்ற விதம் நாயுடு மனசில் ஆழமாகப் பதிந்திருந்தது. 1945-ல் தொழிற்கல்வி நிலையமும் பொறியியல் கல்லூரியும் உருவாக அவர் காரணமாக இருந்தார். அந்தக் கல்லூரிதான் இன்றைய கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி. அங்கே அரசோடு அவருக்கு ஒரு தகராறு வந்தது. பொறியியல் படிப்புக்கு நான்கு வருடம் தேவையே இல்லை, இரண்டு வருடம் போதும் என்றார் அவர். அரசு ஏற்கவில்லை. அவர் முதல்வர் பதவியை விட்டு விலகிவிட்டார். அவர் சொன்ன கணக்கு சரியா தப்பா என்று இன்றும் வாதாடலாம். ஆனால் கை வைத்துச் செய்யும் வேலையும் படிப்பும் வேறு வேறு அல்ல என்ற அவருடைய எண்ணம் கோவைக்குப் புதிது இல்லை. அந்த ஊரில் அதற்கு முன்பே அது வேர் விட்டிருந்தது.

ஃபவுண்டரிக்குப் பக்கத்தில் ஒரு பள்ளி

பீளமேடு பி.எஸ். கோவிந்தசாமி நாயுடுவின் மகன்கள் நான்கு பேர். குடும்பச் சொத்தைப் பிரிக்கும்போது நான்காகப் பிரிக்காமல் ஐந்தாகப் பிரித்தார்கள் என்ற செய்தி கோவையில் எல்லோருக்கும் தெரியும். ஐந்தாவது பங்கு தர்மத்துக்கு. அதுதான் 1926-ல் தொடங்கிய பி.எஸ்.ஜி. அறநிலையம். அதே வருடத்தில் அவர்கள் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தையும் தொடங்கினார்கள். அங்கே வார்ப்படமும் எந்திர வேலையும் நடந்தன. விற்பனைக்கு உண்மையாகவே பொருள்கள் தயாராகின. அதைச் செய்துகொண்டே மாணவர்கள் கற்றார்கள். 1951-ல் பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி வந்தபோது, இந்தத் தொழிற்கூடத்தின் பக்கத்திலேயே வந்தது. வகுப்பறையும் தொழிற்கூடமும் மாறி மாறி வரும் ஐந்து வருட 'சாண்ட்விச்' படிப்பு அங்கே பிரபலமானது.

இதில் கவனிக்க ஒரு விஷயம் இருக்கிறது. புது மாணவன் கை வைத்தால் வார்ப்பு சில சமயம் கெட்டுப்போகும், நேரம் வீணாகும். தனி முதலாளிக்கு அது நஷ்டம். தர்மப் பங்கு அந்த நஷ்டத்தைத் தாங்கிக்கொண்டது. அண்ணன் தம்பிகள் ஒதுக்கிய ஐந்தாவது பங்கு, ஒரு வகையில் பல பேர் கற்றுக்கொண்ட நாளுக்கான கூலி.

இதே காலத்தில் நகரத்தில் இன்னொரு பள்ளிக்கூடமும் தானாக உருவானது. பஞ்சாலைகளில் ஓடியவை சீமையிலிருந்து கப்பலில் வந்த எந்திரங்கள். ஒரு பல்சக்கரம் உடைந்தால் மாற்றுச் சக்கரம் வர மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதனால் உள்ளூர்க் கொல்லரும் வார்ப்படக்காரரும் உடைந்த பாகத்தைப் பார்த்து அதே மாதிரி செய்யப் பழகினார்கள். பாகத்தைச் செய்தவர்கள் பிறகு முழு எந்திரத்தையே செய்தார்கள். 1930-களில் பைக்காரா மின்சாரம் கோவைக்கு வந்ததும், கிணற்றுக்கு பம்ப் செட் கேட்டு விவசாயிகள் வந்தார்கள். 1937-ல் பாலசுந்தரம் நாயுடுவும் ஜி.டி. நாயுடுவும் சேர்ந்து இந்தியாவிலேயே தயாரான முதல் மின் மோட்டாரை வெளியிட்டார்கள். பழுது பார்த்ததே பாடமாக அமைந்த ஊர் அது.

நம் சமையலறையில் அந்தப் பாடத்தின் ஒரு பலன் இன்றும் சுற்றுகிறது. 1955-ல் கோவையில் பி. சபாபதி மின்சாரத்தில் ஓடும் மாவு கிரைண்டரைச் செய்தார். ஆட்டுக்கல்லில் குழவி சுற்றும், கல் அசையாது. பெரிய கிரைண்டரில் கல் சுற்றும், குழவி இடத்திலேயே நிற்கும். எதைச் சுற்ற வைப்பது என்ற கேள்வியைத் திருப்பிப் போட்டதில் எத்தனை பெண்களின் தோள்பட்டை தப்பித்தது! கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்கும் பவானி ஜமக்காளத்துக்கும் 2005-06-ம் வருடத்திலேயே புவிசார் குறியீடு கிடைத்தது ஒரு சுவையான ஒற்றுமை.

தனி ஆளாகக் கொடுத்த விலை

எல்லாருக்கும் ஸ்டேன்ஸும் ஐந்தாவது பங்கும் கிடைப்பதில்லை. கோவை அருணாசலம் முருகானந்தம் கதை நமக்குத் தெரிந்ததுதான். 2018-ல் இந்திப் படமாகவே வந்துவிட்டது. கைத்தறி நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா இறந்த பிறகு சின்ன வயதிலேயே பள்ளியை விட்டு வேலைக்குப் போனார். வெல்டிங் பட்டறையில் கை தேர்ந்தார். 1998-ல் கல்யாணம் ஆன புதிதில், மனைவி மாதவிடாய்க்குப் பழந்துணியை ஒளித்து வைப்பதைப் பார்த்தார். கடையில் நாப்கின் வாங்கினால் பால் செலவுக்குப் பணம் இருக்காது என்று பதில் வந்தது.

பஞ்சு வைத்துச் செய்து பார்த்தார், சரிவரவில்லை. கடை நாப்கினுக்குள் இருப்பது சாதாரணப் பஞ்சு இல்லை, மரக்கூழிலிருந்து எடுக்கும் நார் என்று கண்டுபிடிக்கவே இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது. அதைச் செய்கிற வெளிநாட்டு எந்திரத்தின் விலையோ கோடிகளில். அந்த வேலையைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்து, சில பத்தாயிரம் ரூபாயில் முடிகிற எளிய எந்திரங்களை வடிவமைக்க மேலும் சில வருடம். அதுவரை யாரும் அவருக்கு ஒரு நாள் கூலியும் தரவில்லை. சோதனைகளைப் பார்த்து ஊர் தப்பாகப் பேசியது. மனைவி பிரிந்து போனார், அம்மாவும் போனார். மனைவி திரும்பி வர ஐந்து வருடத்துக்கு மேல் ஆனது. 2016-ல் பத்மஸ்ரீ வந்தது.

இந்தக் கதையை 'விடாமுயற்சி வெற்றி தரும்' என்று சொல்லி முடிப்பது வழக்கம். கொஞ்சம் நிறுத்தி யோசித்தால் வேறு கேள்வி வரும். ஒரு நல்ல யோசனைக்கு ஒரு மனிதர் தன் குடும்பத்தையே விலையாக வைக்க வேண்டி வந்தால், அந்த விலையைக் கொடுக்க முடியாமல் பாதியில் விட்டவர்கள் எத்தனை பேர்? அவர்கள் கதை படமாக வராது. தனி மனிதப் பிடிவாதத்தை மட்டும் நம்பி இருக்கிற ஊரில் பத்து வருடத்துக்கு ஒரு முருகானந்தம் கிடைக்கலாம். பட்டறைக்கு ஒருவர் கிடைக்க வேண்டும் என்றால் ஏற்பாடு வேறு மாதிரி இருக்க வேண்டும்.

இழை அறுந்தால் நிற்கும் தறி

அந்த ஏற்பாட்டுக்கு உலகம் முழுக்கச் சொல்லப்படும் உதாரணம் டொயோட்டா. அந்தக் கதையும் தறியில்தான் தொடங்குகிறது. ஜப்பானில் 1867-ல் பிறந்த சாக்கிச்சி டொயோடா ஒரு தச்சரின் மகன். வீட்டில் அம்மா தறியில் கஷ்டப்படுவதைப் பார்த்து வளர்ந்தவர். அவர் செய்த விசைத்தறியில் ஒரு விசேஷம் இருந்தது. இழை அறுந்தால் தறி தானாகவே நின்றுவிடும். அதுவரை, அறுந்த இழையோடு தறி ஓடிக்கொண்டே இருக்கும், பழுதான துணி முழம் முழமாக வந்து விழும். 1929-ல் இந்தத் தறியின் உரிமையை இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் நிறுவனம் ஒரு லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. டொயோடா குடும்பம் காருக்குள் கால் வைக்க அது உதவியது. டொயோட்டா மோட்டார் நிறுவனம் பிறந்தது 1937-ல், கோவையில் முதல் மோட்டார் வந்த அதே வருடம்!

தறியில் இருந்த பழக்கத்தைக் கார் தொழிற்சாலைக்கும் கொண்டுபோனார்கள். வரிசையில் நிற்கும் எந்தத் தொழிலாளியும் ஒரு தப்பைக் கண்டால் தலைக்கு மேலே தொங்கும் கயிற்றை இழுக்கலாம். மேற்பார்வையாளர் ஓடி வருவார். உடனே சரிசெய்ய முடியாவிட்டால் மொத்த வரிசையும் நிற்கும். 'ஏன் நிறுத்தினாய்?' என்று திட்டுவதற்காக அவர் வருவதில்லை. 'ஏன் நடந்தது?' என்று கேட்பார். அதற்கு வரும் பதிலுக்கும் ஓர் 'ஏன்'. இப்படி ஐந்து முறை. வரிசை நிற்கிற ஒவ்வொரு நிமிடமும் கம்பெனிக்கு நஷ்டம். அந்த நஷ்டத்தைக் கம்பெனி தன் கணக்கில் எழுதிக்கொண்டது, தொழிலாளியின் சம்பளத்தில் கழிக்கவில்லை. 1951-ல் தொழிலாளர்களிடம் யோசனை கேட்கும் திட்டத்தையும் தொடங்கினார்கள்.

ஜப்பானுக்கு 1950-ல் தரம் பற்றிப் பாடம் எடுக்கப் போன அமெரிக்கர் எட்வர்ட்ஸ் டெமிங், பிற்காலத்தில் நிர்வாகத்துக்கு 14 விதிகள் எழுதினார். அவற்றில் ஒன்று, வேலையிடத்திலிருந்து பயத்தை விரட்டுங்கள் என்பது. பயந்தவன் தப்பை மறைப்பான், மறைத்த தப்பிலிருந்து யாரும் கற்க முடியாது. அவர் பெயரில் ஜப்பான் வழங்கும் விருதை இந்தியாவில் முதலில் வாங்கியது தமிழ்நாட்டு நிறுவனம்தான். சென்னை பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவுக்கு 1998-ல் அது கிடைத்தது. 2002-ல் டி.வி.எஸ். மோட்டாரும் வாங்கியது. நம் ஊர்த் தொழிலாளியால் இது முடியாது என்ற பேச்சு அப்போதே பொய்த்துவிட்டது.

'பெரிய கம்பெனிக்குச் சரி, நாலு தறி வைத்திருப்பவர் என்ன செய்வார்?' என்று கேட்கலாம். அதற்கும் கோவையிலேயே பதில் இருக்கிறது. 1956-ல் தென்னிந்தியப் பஞ்சாலைகள் சேர்ந்து 'சிட்ரா' என்ற ஜவுளி ஆராய்ச்சிச் சங்கத்தைத் தொடங்கின. சந்தையில் ஒன்றோடு ஒன்று போட்டி போடும் ஆலைகள், தங்கள் உற்பத்திக் கணக்கைப் பொதுவான ஓர் இடத்தில் கொடுத்து, மற்ற ஆலைகளோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டன. தனி ஆலை தாங்க முடியாத ஆராய்ச்சிச் செலவை எல்லோரும் பகிர்ந்துகொண்டார்கள்.

கற்காததற்கும் விலை உண்டு

செலவுக்குப் பயந்து கற்காமலே இருந்துவிட்டால்? அதற்கும் ஒரு பில் வரும். பெரும்பாலும் அது வேறு யார் வீட்டுக்காவது போகும்.

திருப்பூரின் பனியன் ஏற்றுமதி வளர்ந்த வருடங்களில் சாயக் கழிவு நொய்யலில் கலந்தது. விவசாயத்துக்காக 1992-ல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் சாய நீர் தேங்கியது. அணைக்குக் கீழே இருந்த விவசாயிகள் கிணறும் தோட்டமும் கெட்டு நின்றார்கள். கழிவைச் சுத்தம் செய்யும் முறையைக் கற்க சாய ஆலைகள் தயங்கிய காலத்துக்கு, துணியே விற்காத அந்த விவசாயிகள் விலை கொடுத்தார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாய, சலவை ஆலைகளை மூட உத்தரவிட்டது. வேலை இழந்து தொழிலாளர்களும் தவித்தார்கள். அதன் பிறகுதான் கழிவு நீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் முறை அங்கே பரவலானது. இன்று அதே முறையைப் பெருமையாகச் சொல்லி ஆர்டர் வாங்குகிறது திருப்பூர். முன்பே கற்றிருந்தால் எத்தனை தோட்டங்கள் தப்பியிருக்கும்!

சின்னப் பட்டறையில் என்ன செய்யலாம்?

சுவரில் 'தரமே தாரக மந்திரம்' என்று போர்டு மாட்டுவதற்கு முன்பு, ஐந்தாறு பேர் வேலை செய்யும் இடத்திலும் செய்யக்கூடிய சில விஷயங்கள் இருக்கின்றன.

முதலாவது, கற்கும் நேரத்துக்குக் கூலி. வாரத்தில் அரை நாள் வேண்டாம், மாதத்தில் ஒரு நாள் போதும். அன்றைக்கு உருப்படிக் கணக்கு கிடையாது, வழக்கமான சராசரிக் கூலி உண்டு. அன்று வருவது வீணானாலும் கேள்வி இல்லை.

இரண்டாவது, தப்பைச் சொன்னவரைக் காப்பாற்றுவது. 'இழை அறுந்துடுச்சுங்க' என்று ஓடி வந்து சொல்கிற பையனை நாலு பேர் முன்னால் திட்டினால், அடுத்த முறை அவன் சொல்ல மாட்டான். பழுதைக் கடைக்காரரோ வாடிக்கையாளரோதான் கண்டுபிடிப்பார்.

மூன்றாவது, யோசனைக்குப் பெயரும் பங்கும். 'இது இன்னார் சொன்னது' என்று எல்லோருக்கும் தெரிய வேண்டும். அதில் மிச்சமான பணத்தில் ஒரு பகுதி அவர் கைக்குப் போக வேண்டும். தொழிலாளி சொன்ன யோசனையால் முதலாளி மட்டும் லாபம் பார்த்தால், அடுத்த யோசனை வராது.

நான்காவது, கற்றுக் கொடுக்கிறவருக்கு மரியாதை. பெரியவர் ஒருவர் புதுப் பையனைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கும் நேரத்தில் அவருடைய உருப்படியும் குறைகிறது. அதையும் ஈடு செய்ய வேண்டும். 'எனக்குத் தெரிந்ததை அவனுக்குச் சொல்லிவிட்டால் என் வேலை போய்விடும்' என்ற பயம் அவருக்கு இருந்தால் அது நியாயமான பயம். அந்தப் பயம் தேவையில்லை என்று முதலாளி நடந்து காட்ட வேண்டும்.

பயிற்சியாளருக்கு உதவித்தொகை தரவேண்டும் என்று 1961-ம் வருடத்துத் தொழிற்பழகுநர் சட்டம் சொல்கிறது. கற்கும் காலத்துக்குப் பணம் தருவது தொழில் உலகத்துக்குப் புதிய யோசனை இல்லை. வேலையில் சேர்ந்த முதல் வருடத்தோடு அது நின்றுவிடுவதுதான் குறை.

மீண்டும் குழித்தறிக்கு

பவானி ஜமக்காளமே ஒரு கற்றலில் பிறந்ததுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சீமைத் துணியின் போட்டி வந்தபோது, இந்தப் பக்கத்து நெசவாளர்கள் முரட்டு வண்ண நூலில் விரிப்பு நெய்து பிழைத்துக்கொண்டார்கள். அந்த முரட்டு நூலில் பட்டைகளைத்தான் நெய்ய முடிந்தது. பிறகு செயற்கைப் பட்டு நூலைச் சேர்த்து, கரையில் வேலைப்பாடு வைத்த வகையையும் கொண்டுவந்தார்கள். யாரோ ஒருவர், எந்த நாளிலோ, கூலியை விட்டுவிட்டு அதை முதலில் நெய்து பார்த்திருக்க வேண்டும். அவர் பெயர் எங்கேயும் எழுதி வைக்கப்படவில்லை.

1985-ம் வருடத்துச் சட்டம் கைத்தறிக்கு என்று ஒதுக்கிய துணிகளில் ஜமக்காளமும் ஒன்று. புவிசார் குறியீடும் இருக்கிறது. ஆனாலும் வெளியூர் எந்திரத்தில் ஓட்டிய மலிவு விரிப்பு 'பவானி' என்ற பெயரில் கடைக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது. சட்டம் பழைய பெயரைக் காப்பாற்றப் பார்க்கிறது. புது வடிவத்தைத் தறியில் உட்கார்ந்திருக்கிறவர்தான் கொண்டுவர வேண்டும். 1960-ல் சேலத்தில் தொடங்கிய கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் பக்கத்திலேயே இருக்கிறது. டிசைனர்கள் இருக்கிறார்கள். போனைத் தட்டினால் அந்தியூரிலிருந்தே உலகத்துக்கு விற்கலாம். குறைவது அந்த மூன்று நான்கு நாள் கூலி.

கூட்டுறவுச் சங்கமோ, நூல் கொடுத்து ஜமக்காளம் வாங்கும் முதலாளியோ, அதை ஆர்டர் செய்யும் கடைக்காரரோ, 'இந்த வாரம் புதுசா ஒண்ணு நெஞ்சு பாருங்க, வந்தாலும் வராட்டியும் கூலி உண்டு' என்று சொல்லிப் பார்க்கலாம். தறிக்காரர் மனசுக்குள் மடித்து வைத்த யோசனையை வெளியே எடுப்பார். பக்கத்தில் தார் சுற்றிக்கொண்டிருக்கும் பையன், "ஏனுங்கப்பா, இது எதுக்குங்க?" என்று கேட்பான்.